நன்னாவின் மஞ்சக் கடுதாசி

மொய்து: …சொன்னவன் எவன்னு மட்டும் தெரியட்டும் ஹவ்வா. நாக்கை இழுத்து வெச்சு அறுக்கறனா இல்லையா பாரு.

ஹவ்வா: அறுக்கலாமுங்க. முதல்ல அந்த சன்னலைச் சாத்துங்க. பனி உள்ளாற வருது.

மொய்து: பெரியமுத்துதான். வேற எவனுமில்ல. எதுத்தாப்புல மண்டி போட்டப்பவே நெனச்சேன், அவனுக்கு நம்ம வெல்ல மண்டி மேல கண்ணுன்னு. ஆனைக்கரைக்கு ஆளு உட்டு நம்ம சம்பந்தி காதுல போட்டுட்டான். ‘மொய்தீன் ராவுத்தர் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு, திவாலான ஊட்டுலயா பொண்ணெடுக்கறீங்க’ன்னு…

ஹவ்வா: அவருதான்னு நீங்க கண்டீங்களா?

மொய்து: காணணுமாக்கும்? அவனைத் தவிர யாருக்கு இதுல ஆதாயம்? சம்பந்தி என்ன எழுதினாரு? ‘பாலக்காட்டுல இப்படி ஒரு பேச்சு அடிபடுது, நெசமா?’ன்னுதானே. நான் என்ன எழுதினேன்?

ஹவ்வா: ‘அது நானில்ல, எங்க நன்னா’ன்னு எழுதினீங்க.

மொய்து: ஆமா. எங்கத்தாவோட அத்தா. அவரும் மொய்தீன் ராவுத்தர், நானும் மொய்தீன் ராவுத்தர். அவர் பேரைத்தானே எனக்கு வெச்சாங்க. இந்த மலையில ஏலக்காய் யாவாரம் பண்ணி நொடிச்சுப் போயி, கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டு ஓடினவரு. ஊருக்கே தெரிஞ்ச கதை.

ஹவ்வா: ஊருக்குத் தெரியும். கோர்ட்டுக்குத்தான் தெரியல.

மொய்து: என்ன புள்ள, குத்திப் பேசறே?

ஹவ்வா: குத்தலீங்க. பாலக்காட்டுக் கோர்ட்டுக் கச்சேரியில போயித் தேடினது நீங்கதானே? அந்தக் காலத்துக் காயிதக் கட்டு அத்தனையும் இருக்குது, நன்னா கட்டை மட்டும் கரையான் தின்னுடுச்சுன்னு வந்து சொன்னீங்க.

மொய்து: தின்னுடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?

ஹவ்வா: நல்ல கரையான். பேரு படிச்சுப் பாத்துத் தின்னிருக்குது.

மொய்து: சிரிக்கற நேரமா இது? வர்ற வெள்ளிக்கிழமை நம்ம பொண்ணு பாத்துவுக்கு நிக்காஹ். பத்திரிகை குடுத்தாச்சு, பந்தல் போட்டாச்சு. நீ என்னடான்னா…

ஹவ்வா: நான் எங்கங்க சிரிச்சேன்? பள்ளிவாசல் புத்தகத்துல நன்னாவோட நிக்காஹ் இருக்குது. மவுத்தானதுக்கு, அடக்கம் பண்ணினதுக்கு ஒரு எழுத்துகூட இல்ல. கச்சேரியிலயும் இல்ல, பள்ளியிலயும் இல்ல. மனுசன் எங்கதான் போனாரு?

மொய்து: அதுக்குத்தானே இந்த உடும்பஞ்சோலைக்கு வந்து உக்காந்திருக்கோம். சம்பந்திதானே எழுதினாரு, ‘அங்க ஒரு பழைய ஏலக்காய் ஸ்டோர் இருக்கு, உங்க நன்னாவைத் தெரிஞ்ச குடும்பம் இருக்கு, போயி விசாரிங்க, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு ஜீப்புல நானும் வந்துடறேன், நேர்ல பேசிக்குவோம்’னு. மணி என்ன ஆச்சு?

ஹவ்வா: இந்த மேகத்துல என்னத்தத் தெரியும்? …ஏனுங்க.

மொய்து: என்ன?

ஹவ்வா: சம்பந்தி வந்து மறுபடியும் கேட்டா, என்ன சொல்லுவீங்க?

மொய்து: நன்னான்னுதான் சொல்லுவேன். இதென்ன கேள்வி? பஸ்ஸுல ஒருக்கா கேட்டே. மூணாறுல எறங்கி வாந்தி எடுத்துட்டு, வாயக்கூடத் தொடைக்காம ஒருக்கா கேட்டே.

ஹவ்வா: …சரிங்க.

மொய்து: சரின்னா மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?

ஹவ்வா: ஒண்ணுமில்லீங்க. ஆளு வருது.

பவுல்ராஜ்: ராவுத்தரய்யா, கட்டங்காப்பி கொண்டாந்திருக்கேன். அம்மாவுக்குச் சுக்குத் தட்டிப் போட்டிருக்கு. மலைப்பாதை குடலைப் புரட்டிரும். புதுசா வாறவுக எல்லாரும் அப்படித்தான்.

ஹவ்வா: உங்களுக்குத்தான் சிரமம். பவுல்ராஜ்தானே உங்க பேரு?

பவுல்ராஜ்: ஆமாம்மா. இந்த ஸ்டோர்ல எங்கய்யா கணக்கப்பிள்ளையா இருந்தாக. அவுகளுக்கப்புறம் நான். பச்சை ஏலக்காயை இங்கதான் காய வைக்கிறது. அந்தா தெரியிதுல்ல, அதுதான் அடுப்பு. அதுல விறகு போட்டா சூடு இந்தக் குழாய்க வழியா ரூம் பூரா போகும்.

மொய்து: அது கெடக்கட்டும். எங்க நன்னா, பாலக்காட்டு மொய்தீன் ராவுத்தர்… கேள்விப்பட்டிருக்கீங்களா?

பவுல்ராஜ்: கேள்விப்படாம? பெரிய ராவுத்தர்னு எங்கய்யா வாய் ஓயாம சொல்லுவாக. ஒரு மலைச் சரிவு பூராவும் காய் செடியில இருக்கும்போதே விலை பேசி வாங்கிட்டாகளாம். அந்த வருசம் மழைன்னா மழை. அழுகல் விழுந்து ஒரு காய் தேறல.

மொய்து: பாத்தியா ஹவ்வா? நான் சொல்லல?

பவுல்ராஜ்: கூட்டு யாவாரிக எல்லாம் ராவோட ராவா மலை இறங்கிட்டாகளாம். இறங்கிட்டா ஒரு பய தொட முடியாதுல்லாய்யா? அப்ப இது திருவிதாங்கூர் மகாராஜா சீமை. உங்க பாலக்காடு வெள்ளைக்காரன் சீமை. போன வருசம்தானே ரெண்டும் சேந்து கேரளான்னு ஆச்சு.

ஹவ்வா: நன்னாவும் எறங்கிட்டாருங்களா?

பவுல்ராஜ்: அதைத்தான் சொல்ல வாறேன். அவுக இறங்கல.

மொய்து: எறங்கியிருப்பாரு. பாலக்காட்டுல கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டுத் திரும்ப ஏறியிருப்பாரு.

பவுல்ராஜ்: இருக்கும்யா. அந்தச் சேதியெல்லாம் எங்கய்யா சொல்லல. இந்த அடுப்புக்குத் தீ போடுற வேலைக்கு வந்து நின்னாகன்னுதான் சொன்னாக. சாகுற வரைக்கும் அந்த வேலைதான்.

ஹவ்வா: தீ போடறதா? ஏலக்காய் யாவாரிங்களா?

பவுல்ராஜ்: அவுகளேதாம்மா. அவுக விலை பேசின காயெல்லாம் காய்ஞ்ச அதே அடுப்புக்கு. அவுக தீ போட்டா ஒரு காய் கூடக் கருகாதாம், பச்சை நிறம் மாறாதாம். ஆனா கூலியைக் கையில வாங்க மாட்டாகளாம். சனிக்கிழமையானா யார் யாரோ வாசல்ல வந்து நிப்பாகளாம். அவுகட்ட நேரா குடுக்கச் சொல்லிருவாகளாம்.

மொய்து: கடங்காரனுங்க வந்து கழுத்தைப் புடிச்சிருப்பானுங்க. தெரிஞ்சதுதானே.

ஹவ்வா: ஏனுங்க, கீழ எறங்கினா தொட முடியாதவரு, எதுக்கு இங்கயே நின்னு கழுத்தைக் குடுத்தாரு?

மொய்து: அது… அந்தக் காலத்து மனுசனுங்க. யாரு கண்டா?

பவுல்ராஜ்: அவுக இறந்ததும் எங்கய்யா பாலக்காட்டுக்குக் கடுதாசி போட்டாகய்யா. ‘வாங்க ஆளில்லை’ன்னு அப்படியே திரும்பி வந்துருச்சு. பொறவு இங்கன உள்ள முஸ்லிம் ஆளுக சேந்துதான் அடக்கம் பண்ணினாக. கீழ பள்ளிவாசலை ஒட்டி இருக்கு. தலைமாட்டுல ஒரு காட்டுக்கல்லு.

மொய்து: …திரும்பி வந்துடுச்சா.

ஹவ்வா: எப்படி வராம இருக்கும்? மலையிலிருந்து எந்தத் தபால் வந்தாலும் வாங்கக் கூடாதுன்னு உங்கத்தா தபால்காரர்கிட்டயே சொல்லி வெச்சிருந்தாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க.

மொய்து: கடங்காரன் கடுதாசியா இருக்கும்னு எங்கத்தாவுக்குப் பயம். பையன் தலையில கடனைக் கட்டிடுவானுங்கன்னு…

ஹவ்வா: சொந்த அத்தாவோட மவுத்துச் சேதியைத் திருப்பி அனுப்பிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் நம்ம ஊட்டுல செத்தவங்களுக்குப் பாத்திஹா ஓதும்போது எல்லார் பேரும் வரும். நன்னா பேரை மட்டும் தாண்டிப் போயிருவீங்க.

மொய்து: அடுத்த ஆளு முன்னாடி இதெல்லாம் பேசணுமா?

பவுல்ராஜ்: நான் அடுத்த ஆளு இல்லைய்யா. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு எங்கய்யா கல்லறையில மெழுகுவத்தி வைக்கிற அன்னைக்கு, அப்படியே போயி அவுக கல்லுகிட்டயும் கொஞ்சம் புல்லுச் செதுக்கிட்டு வருவேன். எங்கய்யா சொல்லிட்டுப் போனது. …இருங்க, அவுக பெட்டி ஒண்ணு இருக்கு.

மொய்து: பெட்டியா? என்ன பெட்டி?

பவுல்ராஜ்: தகரப் பெட்டிய்யா. அவுக தலைமாட்டுல வச்சிருந்தது. சொந்தக்காரவுக என்னைக்காவது வந்தா குடுக்கணும்னு பரண்ல போட்டு வச்சிருக்கு… இந்தா. துருப் பிடிச்சிருக்கு, கையைப் பாத்து.

ஹவ்வா: தொறங்க.

மொய்து: இரு, இரு. நான் தொறக்கறேன். …துணி. தொப்பி. ஓதி எண்ணற தஸ்பீஹ் மணி. அடியில… காயிதம்.

பவுல்ராஜ்: கடன் பத்திரமால்ல இருக்கு! சங்கு போட்ட ஸ்டாம்பு, பழைய மகாராஜா காலத்துது. ஏயப்பா, இம்புட்டா? அந்த மனுசனுக்கு இம்புட்டுக் கடனா இருந்துச்சு?

மொய்து: …இருந்துச்சு. இல்லாமயா? நீங்களே பாத்தீங்கல்ல பவுல்ராஜ்? கட்டுக் கட்டா கடன். இதையெல்லாம் அடைக்க முடியாமத்தான் மஞ்சக் கடுதாசி குடுத்திருக்காரு. சம்பந்தி கேட்டா நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.

பவுல்ராஜ்: கண்ணால கண்டதைச் சொல்ல என்னய்யா? அம்மா ஏன் ஒண்ணும் பேசாம நிக்காக?

ஹவ்வா: …ஒண்ணுமில்லீங்க. தலை சுத்தல் இன்னும் தீரல.

பவுல்ராஜ்: அடுப்புப் பக்கமா உக்காருங்கம்மா, கதகதன்னு இருக்கும். நான் போயி வளைவுல நிக்கேன். இந்த மேகத்துல ஜீப்புக்காரனுக்கு ஸ்டோர் வாசல் தெரியாது, நேரா போயிருவான்.

மொய்து: போங்க, போங்க. …போயிட்டானா?

ஹவ்வா: போயிட்டாரு.

மொய்து: அல்லா காப்பாத்திட்டான் புள்ள. நான் என்னமோன்னு பயந்துட்டு வந்தேன்…

ஹவ்வா: ஏனுங்க. ஒண்ணு கேக்கட்டுமா?

மொய்து: மறுபடியுமா?

ஹவ்வா: கடன் நோட்டு யாருகிட்ட இருக்கும்? பணம் குடுத்தவங்ககிட்டயா, வாங்கினவங்ககிட்டயா? இது வாங்கினவரு பெட்டியில இருக்குது. ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து இருக்கற எடம் கிழிஞ்சிருக்குது. எங்கத்தா பலசரக்குக் கடையில நான் பாக்காததா? பணம் பூராவும் வந்து சேந்தா, கையெழுத்தைக் கிழிச்சு நோட்டைத் திருப்பிக் குடுத்துடுவாரு.

மொய்து: மெதுவாப் பேசு.

ஹவ்வா: இது கடன் இல்லீங்க. அடைச்ச கடன். அத்தனையும். பவுல்ராஜுக்குத் தெரியாது, தோட்டத்துக் கணக்குப் பாக்கறவரு. மண்டிக்காரருக்குமா தெரியாது?

மொய்து: …தெரியும்.

ஹவ்வா: எப்பத் தெரிஞ்சுது?

மொய்து: எடுத்த ஒடனே.

ஹவ்வா: அப்பறமும் அந்த மனுசன்கிட்ட ‘கட்டுக் கட்டா கடன்’னு சொன்னீங்களே.

மொய்து: வேற என்னத்தச் சொல்லச் சொல்றே? ஹவ்வா, கேளு. சம்பந்தி பவுல்ராஜ் மாதிரி இல்ல. அவரும் யாவாரி. இந்தப் பெட்டியைப் பாத்தாருன்னா நிமிசத்துல கண்டுபுடிச்சுருவாரு. எடு, அதை இப்படிக் குடு.

ஹவ்வா: எதுக்குங்க?

மொய்து: அடுப்புக்கு.

ஹவ்வா: …அடுப்புக்கா.

மொய்து: காயிதம்தானே? ஒரு மூச்சுல எரிஞ்சுடும். அப்பறம் என்ன மிஞ்சும்? பவுல்ராஜ் பாத்த கடன் மிஞ்சும். ஊரு சொல்ற கதை மிஞ்சும். நன்னாதான் மஞ்சக் கடுதாசி குடுத்தாருன்னு அப்படியே நிக்கும்.

ஹவ்வா: குடுக்காதவரு தலையில.

மொய்து: அவருக்கென்ன வலிக்கப் போகுது? மண்ணாகி எத்தனை காலமாச்சு. ஊரு இப்பத்தான் புதுசா சொல்லுதா?

ஹவ்வா: ஊருக்கு யாரு சொல்லிக் குடுத்தா? உங்க ஊடுதானே? …சரி. நன்னா குடுக்கலைன்னா, குடுத்தது எந்த மொய்தீன் ராவுத்தருங்க?

மொய்து: …ஜீப்புச் சத்தமா அது?

ஹவ்வா: காத்து.

மொய்து: பாத்துவை நெனச்சுப் பாரு புள்ள. நிக்காஹ் நின்னுதுன்னா அப்பறம் அவளை எவன் கேட்டு வருவான்?

ஹவ்வா: அவளைத்தாங்க நெனச்சுட்டு இருக்கறேன். காலையில இருந்து. அவளைத் தவிர வேற எதையும் நெனைக்கல.

மொய்து: அப்ப சொல்லு. போட்டுடட்டுமா?

ஹவ்வா: எங்கிட்டக் கேக்காதீங்க.

மொய்து: உங்கிட்டக் கேக்காம? எதுக்கெடுத்தாலும் ஆயிரம் ரோசனை சொல்லுவியே. சட்டைக்குப் பித்தான் தைக்கறதுல இருந்து மண்டிக்குப் பூட்டு வாங்கற வரைக்கும். இன்னிக்கு ஏன் வாயில பூட்டு?

ஹவ்வா: இன்னிக்குச் சொல்ல முடியாதுங்க.

மொய்து: ஏன்?

ஹவ்வா: முடியாதுன்னா முடியாதுங்க. நீங்களே பாத்து ஏதோ பண்ணுங்க.

மொய்து: சரி. நீ பாக்காதே. அந்தப் பக்கம் திரும்பிக்க. …இந்தக் கதவு எப்படித் தொறக்குது? அப்பா, என்ன அனலு! இதுக்கு முன்னாடியா அந்த மனுசன் அத்தனை வருசம் நின்னாரு? ஏதாச்சும் சொல்லேன் புள்ள. நீ சும்மா இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குது.

ஹவ்வா: யா அல்லா…

மொய்து: என்ன சொன்னே?

ஹவ்வா: உங்களைச் சொல்லலீங்க.

மொய்து: மேல இருக்கறது… என்ன எழுத்துடா இது, கோழி கிளறின மாதிரி… ‘ஏலக்காய் மூட்டை சுமந்த வகையில் மொக்கையனுக்கு நான் கொடுக்க வேண்டிய கூலிக்கு…’

ஹவ்வா: படிக்காதீங்க. போடறதுன்னா போட்டுடுங்க.

மொய்து: கூலிக்காரனுக்கு நோட்டு எழுதிக் குடுத்திருக்காரு. கூலிக்காரனுக்கு! எவன் எழுதுவான்? ‘நாளைக்கு வாடா’ன்னு சொன்னா போயிடுவான். …இது, கோவேறு கழுதைக்காரனுக்கு. இது… ‘கஞ்சி ஊற்றிய வகையில்’… ஏ ஹவ்வா, கஞ்சி ஊத்தினவளுக்குக் கூட நோட்டு. பெரிய ஆளுங்க நோட்டுல அடைச்ச தேதியெல்லாம் பிந்தின வருசத்துது. சின்னவனுங்களுக்குத்தான் முதல்ல அடைச்சிருக்காரு. பெரிய கடங்காரன் கழுத்தைத்தானே புடிப்பான்? அவனுக்குத்தானே எல்லாரும் முதல்ல குடுப்பாங்க? இவரென்ன தலைகீழா…

ஹவ்வா: நேரமாகுதுங்க.

மொய்து: என் மண்டியில மூட்டை தூக்கறவனுங்க இருக்கானுங்களே, அவனுங்க பேரை எழுதினேன். எல்லார் பேரையும் எழுதினேன். வக்கீல் கேட்டாரு, சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஹவ்வா: எதுல எழுதினீங்க?

மொய்து: சரஸ்வதியம்மாள் பேரைக் கூட எழுதினேன் ஹவ்வா. புருசன் செத்தப்ப வந்த பணத்தை, ‘பாங்கியை நம்பல ராவுத்தரே, உங்களை நம்பறேன்’னு கொண்டாந்து குடுத்தவ. அவளுக்குக் குடுக்க எங்கிட்ட வழியில்லைன்னு…

ஹவ்வா: எதுலங்க எழுதினீங்க?

மொய்து: …பாப்பர் ஹர்ஜியில. மஞ்சக் கடுதாசியில. அந்த மொய்தீன் ராவுத்தர் நான்தான் புள்ள. விலை ஏறும் ஏறும்னு குடோன் நெறைய வெல்லத்தை அடுக்கினேன். கடன் வாங்கி அடுக்கினேன். மழை புடிச்சுது பாரு… அவருக்கும் மழைதான், எனக்கும் மழைதான். கசிஞ்சு, கறுத்து, தரையெல்லாம் ஓடி… நான் மண்டியைப் பூட்டிட்டு வந்து உங்கிட்ட ‘நல்ல யாவாரம்’னு சொன்னேன். அன்னிக்குப் பாயாசம் வெச்சே.

ஹவ்வா: வெச்சேன். நீங்க குடிக்கல.

மொய்து: சத்தம் போடு. அழு. எதாச்சும் செய்யி.

ஹவ்வா: எனக்குத் தெரியுமுங்க.

மொய்து: என்ன?

ஹவ்வா: வக்கீல் குமஸ்தா அர்த்தநாரி ஊட்டுக்கு வந்தாரு. நீங்க இல்ல. ‘ஏனுங்க அம்மா, அந்த பாப்பர் ஹர்ஜியில சரஸ்வதியம்மாள் பேருக்கு நேரா ஒரு கையெழுத்து உட்டுப்போச்சு, ராவுத்தரை வரச் சொல்லுங்க’ன்னாரு. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டுப் பாவம், அவரு பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

மொய்து: அப்பயிருந்தா? அத்தனை நாளா? தெரிஞ்சுட்டா எங்கூடப் பஸ்ஸேறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துட்டு…

ஹவ்வா: நீங்க ‘நன்னா, நன்னா’ன்னு சொல்லிட்டே இருந்தீங்க. யாரு தலையில வெக்கறீங்கன்னு ஒருக்கா பாத்துடலாம்னு வந்தேன். அடுப்புக் கதவு தொறந்தே இருக்குதுங்க.

மொய்து: இதை எப்படி நான் போட முடியும்? அவரு பேரு… எம்பேரு. கையெழுத்தை மட்டும்தான் கிழிச்சிருக்கானுங்க, பேரை யாரும் கிழிக்கல. …சாத்து. சாத்துடி அந்தக் கதவை.

பவுல்ராஜ்: அய்யா! ஜீப் வந்துருச்சுய்யா! ஆனைக்கரை முதலாளி வந்துட்டாக!

மொய்து: யா அல்லா. ஹவ்வா, என்ன சொல்லட்டும்? சீக்கிரம்.

ஹவ்வா: எங்கிட்டக் கேக்காதீங்க.

மொய்து: இப்பவுமா? எல்லாம் தெரிஞ்சப்பறமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? உன் பொண்ணு கல்யாணம்டி!

ஹவ்வா: ஆமாங்க. எம்பொண்ணு கல்யாணம். …என்னைப் பாக்காதீங்க. வாசலைப் பாருங்க.

அப்துல் சமது: அஸ்ஸலாமு அலைக்கும் சம்பந்தி. என்ன மழை, என்ன மேகம்! வழியில ரெண்டு எடத்துல இறங்கித் தள்ள வேண்டியதாப் போச்சு.

மொய்து: வ அலைக்கும் ஸலாம். வாங்க. வாங்க சம்பந்தி. உக்காருங்க… எதுல உக்காருவீங்க… இந்தப் பெட்டியில… இல்ல, பெட்டியில வேண்டாம்.

அப்துல் சமது: நிக்கிறேன், பரவாயில்ல. தங்கச்சிக்கு என்ன, முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?

ஹவ்வா: பஸ்ஸு ஒத்துக்கலீங்க அண்ணே.

பவுல்ராஜ்: முதலாளி, நான் வெளிய நிக்கட்டா?

அப்துல் சமது: நீயும் இரு பவுல்ராஜு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? …சம்பந்தி, சுத்தி வளைக்கல. எழுதிக் கேட்டேன், எழுதிப் பதில் போட்டீங்க. ஆனா பொண்ணெடுக்கிற காரியம். அதனால நேருக்கு நேரா இன்னொரு தடவை கேட்டுக்கிறேன். பாலக்காட்டுல மஞ்சக் கடுதாசி குடுத்த மொய்தீன் ராவுத்தர் யாரு?

மொய்து: அது வந்து…

பவுல்ராஜ்: பெரிய ராவுத்தர் பெட்டி இந்தா இருக்கு முதலாளி. உள்ள பூராவும் கடன்…

மொய்து: இல்ல பவுல்ராஜ். கடன் இல்ல அது. உங்களுக்குத் தெரியாததுனால நான் பொய் சொன்னேன். எங்க நன்னா ஒருத்தருக்கும் ஒரு காசு வெக்கல. கஞ்சி ஊத்தினவளுக்குக் கூட வெக்கல. இந்த அடுப்புல நின்னு வெந்து அத்தனையும் அடைச்சுட்டுத்தான் போயிருக்காரு.

அப்துல் சமது: அப்ப…?

மொய்து: நான்தானுங்க. மஞ்சக் கடுதாசி குடுத்தது நான். உங்களுக்கு எழுதினதும் பொய். கல்யாணம் முடியற வரைக்கும் மறைச்சுடலாம்னு இருந்தேன். பந்தலைப் பிரிக்கச் சொல்றதுன்னா சொல்லிடுங்க. எம்பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

அப்துல் சமது: வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு ஜும்மா உங்க பள்ளியில?

மொய்து: ஏங்க?

அப்துல் சமது: ஜும்மா தொழுதுட்டு நிக்காஹை வச்சுக்குவோம். நாங்க முந்தின நாளே வந்துர்றோம். உங்க கடனுக்கு வழி என்னன்னு கல்யாணம் முடிஞ்சு உக்காந்து பேசுவோம். அந்தம்மா, பேரென்ன… சரஸ்வதியம்மாள். அவுகளுக்குத்தான் முதல்ல.

மொய்து: சரஸ்வதியம்மாள் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெரியமுத்துப் பய அது வரைக்குமா சொன்னான்?

அப்துல் சமது: பெரியமுத்தா? அது யாரு?

மொய்து: அவன் சொல்லலியா? பின்ன எவன் சொன்னான்? ஹவ்வா, நீ ஏன் அழுவுறே? இப்பத்தான் எல்லாம் நல்லபடியா… சம்பந்தி, யாரு சொன்னா உங்களுக்கு?

அப்துல் சமது: தங்கச்சி… இனிமே நீங்க வாயைத் தொறக்கலாம். வாக்கு முடிஞ்சிருச்சு.

ஹவ்வா: வளையல் அளவெடுக்க அண்ணன் சம்சாரம் ஐசும்மா மதனி நம்ம ஊட்டுக்கு வந்தாங்கல்ல, அன்னிக்கு அடுப்படியில வெச்சு சரஸ்வதியம்மாள் பேரோட சேத்து நான்தானுங்க சொன்னேன். பொய்யி சொல்லிப் பொண்ணை அனுப்ப எனக்கு மனசு வரல. ‘ரெண்டு தடவை கேப்போம், அவரு வாயால உள்ளதைச் சொல்லட்டும், நன்னான்னு சொன்னா பொண்ணு வேண்டாம், நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கக் கூடாது’ன்னு அண்ணன் சொல்லி அனுப்பிட்டாரு. முதல் தடவை எழுதிக் கெடுத்தீங்க. இன்னிக்கு நீங்க அந்த அடுப்புக் கதவைத் தொறந்தப்ப எனக்கு உசுரே இல்லீங்க. …பெரியமுத்துவை இனிமே வையாதீங்க. நீங்க அறுக்கறேன்னு சொன்ன நாக்கு இதுதானுங்க.